எண்பத்து நாலாயிரம் ஓடிய வண்டி

இன்று காலை ஆறுமுகநேரி உப்பளங்களைத் தாண்டும்போது உன் வண்டியின் மீட்டர் லட்சம் ஆனது. ஆகப்போகிறது என்று தெரிந்து பத்து கிலோமீட்டராக மெதுவாகத்தான் ஓட்டி வந்தேன். ஒன்பதுகள் எல்லாம் வரிசையாக நின்றன. அப்புறம் ஒன்றும் ஐந்து சைபர்களும் வந்து உட்கார்ந்தன. வண்டியை ஓரம்கட்டினேன். இன்ஜின் சூடும் செயின் ஆயில் வாசனையும் உப்புக்காற்றோடு சேர்ந்து மூக்கில் ஏறியது. உன் சட்டையில் எப்போதும் அடித்த வாசனை அது. நீ போய் மூன்று வருஷம் ஆகிறது, எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. உப்பு லாரிக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, "என்ன அண்ணாச்சி, வண்டி நின்னுட்டா?" என்று கேட்டார். இல்லை என்று கையை ஆட்டினேன்.

அந்த லட்சத்தில் எண்பத்து நாலாயிரம் நீ ஓட்டியது. பத்தாயிரம் சாத்தான்குளத்து வாத்தியார் ஓட்டியது. மிச்சம் ஆறாயிரம்தான் நான். இந்தக் கணக்கு இப்படி இருந்திருக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். நான் துறைமுகக் கேட்டுக்கு வெளியே, சரக்கு ஏஜெண்டு ஆபீசில் இருபது வருஷமாகக் காகிதம் தள்ளுகிறவன். நம்மைச் சேர்த்து வைத்தது கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையும், வயதுக்குப் பொருந்தாத வண்டிப் பைத்தியமும்தான். மனுஷன் கார் வாங்குகிற வயதில் நீ சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கினாய். அதில் குனிந்து உட்கார்ந்து உன் ஊரான நாசரேத்துக்குப் போய் அம்மாவைப் பார்த்து வருவாய். "எங்க சர்ச் ஐயரு கேக்காருல, இது என்ன வண்டி, முட்டப்போற கெடா மாதிரில்லா நிக்கின்னு" என்று நீயே சொல்லிச் சிரிப்பாய்.

தூத்துக்குடியில் வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் உப்புக்காற்றைப் பற்றித் தெரியும். தெரிந்தும் யாரும் ஒன்றும் செய்வதில்லை. நீ ஒருத்தன்தான், கடலோரம் போய்வந்த ஒவ்வொரு தடவையும் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவுவாய். போர்த் தண்ணீர் ஆகாது; குழாயில் வருகிற குடிதண்ணீர்தான் வேண்டும். உன் வீட்டம்மா வாசலில் நின்று, "ஒரு கொடம் புடிக்க நான் தெருவுல கெடந்து சாவுதேன், இவியளுக்கு வண்டியக் குளிப்பாட்டணும்" என்று சத்தம் போடுவார். "அது வாயத் தொறந்து கேக்காதுல்லா" என்பாய் நீ. கழுவித் துடைத்து முடித்ததும் ஒரு கோடு போட்ட நோட்டை எடுப்பாய். எந்தக் கிலோமீட்டரில் ஆயில் மாற்றியது, எதில் செயின், எதில் டயர் என்று முத்து முத்தாக எழுதி வைப்பாய். "என்னல, வண்டிக்கு ஜாதகமா எழுதுத?" என்று நான் கேலி செய்யாத வாரம் கிடையாது.

அந்த மத்தியானம் உனக்கும் மறந்திருக்காது. டீக்கடையில் எங்கள் ஆபீஸ் ஆட்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"ஏலே, வண்டியக் குடுத்துரலாம்னு பாக்கேன். நீ எடுத்துக்கிடுதியா?"

நான் பழைய ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்று தேடி ஆறு மாதமாக அலைவது டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். உன் வண்டிமேல் எனக்கு எத்தனை நாளாகக் கண் என்று உனக்குத் தெரியும். அப்படிப்பட்ட வண்டி தேடி வருகிறது, நான் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு ஓடிருக்கு?"

"எம்பத்தி நாலு."

"எம்பத்தி நாலாயிரமா?" என்று நான் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். ஸ்போர்ட்ஸ் வண்டி என்றால் முறுக்கி முறுக்கித்தான் ஓட்டியிருப்பார்கள், முப்பதாயிரம் தாண்டினாலே இன்ஜினை இறக்க வேண்டியதுதான் என்றார் ஒருவர். நீ தோள்பையிலிருந்து நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினாய்.

"இதப் பாத்துட்டு சொல்லு."

"நோட்டு எதுக்குலே, அதாம் மீட்டரே சொல்லுதே."

நீட்டின நோட்டு கொஞ்ச நேரம் உன் கையிலேயே இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாய்: "நீ எடுத்தியன்னா ஞாயித்துக்கெழமை பின்னால நானும் ஏறிக்கிடுவேன். அதுக்குத்தாம்ல கேட்டேன்."

"எம்பத்தி நாலாயிரம் ஓடுன வண்டில உன்னையும் ஏத்துனா, இந்தா இருக்க பழையகாயலக்கூடத் தாண்டாதுல" என்றேன். மறுபடி சிரிப்பு. நீயும் சிரித்தாய். டீயைப் பாதியில் வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று எழுந்து போனாய்.

குடிதண்ணீரில் வண்டியைக் குளிப்பாட்டுகிறவன் திடீரென்று விற்கிறேன் என்கிறான். எந்த மடையனும் ஏன் என்று கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, இரண்டு வாரம் கழித்து சாத்தான்குளத்து வாத்தியார் ஒருவருக்கு அதை நீ கொடுத்துவிட்டாய் என்று கேள்விப்பட்டபோதும் கேட்கவில்லை. அதற்குள் நான் எனக்கென்று ஒரு வண்டி பார்த்துவிட்டேன்.

ஆறுமுகநேரியில் உப்பள முதலாளி ஒருவரின் மகன் வெளிநாடு போய்விட, நாலு வருஷமாக ஷெட்டில் தார்ப்பாய் மூடி நின்ற வண்டி அது. மீட்டரில் வெறும் ஏழாயிரம். பளபளவென்று இருந்தது. அதை உன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி ஆக்சிலேட்டரை இரண்டு முறுக்கு முறுக்கிக் காட்டினேன். நரைத்த மீசையை வைத்துக்கொண்டு செய்கிற காரியமா அது? இப்போது நினைத்தாலும் கூசுகிறது. நீ வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாய். "நல்லாக் கழுவு" என்று மட்டும் சொன்னாய்.

இரண்டு மாதம் தாங்கவில்லை. முன் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் ஒழுகியது. பிரேக் பிடித்தால் விட மாட்டேன் என்றது. தூறல் விழுந்தால் விளக்கு எரியாது. வெட்கத்தில் உன்னிடம் மறைத்தேன், ஆனாலும் யாரோ சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த வெள்ளைச் சட்டையோடு சாமான் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாய். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்து, "உள்ள பாரு" என்றாய். செங்கல் நிறத்தில் துரு. ஷாக் குழாய் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி புள்ளிகள். ஒயர் இணைப்புகள் பச்சை பூத்துக் கிடந்தன.

"உப்புக்காத்துல சும்மா நின்ன வண்டியும் தெனமும் ஓடத்தாம்ல செய்யிது. மீட்டர்ல ஏறாது, அவ்வளவுதான்."

குத்திக்காட்டவில்லை நீ. டாக்டர் சொல்வதுபோலச் சொன்னாய். உட்கார்ந்து பிரேக்கைக் கழற்ற ஆரம்பித்தாய். அப்போதுதான் உன் இடது கையிலிருந்து ஸ்பானர் நழுவி விழுந்தது. எடுத்தாய், மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை விழுந்ததும் நான் சொன்னேன்: "என்னல, சர்ச்சுல திராட்சரசம் கூடிட்டா?"

"ஆமாலே, கூடிட்டு" என்று சொல்லி இடது கையைச் சட்டைக்கு அடியில் வைத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு, "நீ பிடி, நான் சொல்லுதேன்" என்று என்னையே கழற்ற வைத்தாய். எனக்கு வேலை பழக்குகிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் கிரேனிலிருந்து இறங்கித் தரை வேலைக்கு மாற்றம் கேட்டாய். "ஏணி ஏறச் சோம்பலா?" என்று அதற்கும் ஒரு கேலி. இடது கையில் தொடங்கிய நரம்பு நோய் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள், மருந்துக்கு அடங்காது என்றும் சொல்லிவிட்டார்கள் என்பதை உன் வீட்டம்மா வந்து அழுதபோதுதான் தெரிந்துகொண்டேன். கிரேன் வேலை போய்விடுமோ என்று முதல் ஆறு மாதம் நீ யாரிடமும் மூச்சு விடவில்லையாம். லீவர் பிடிக்கிற கையை நம்பி மற்றவர்கள் தலைக்குமேல் சரக்கைத் தூக்கக் கூடாது என்று கடைசியில் நீயாகவே இறங்கியிருக்கிறாய்.

உன்னை ஜன்னலோரக் கட்டிலில் வந்து பார்ப்பேன். வலது கையும் போன பிறகு ஒரு நாள் கேட்டாய்: "வாத்தியாரு வண்டியக் கழுவுதாராலே?"

"கழுவுதாரு. நான் விசாரிச்சேன்."

பொய். நான் விசாரிக்கவே இல்லை. சாத்தான்குளம் என்ன அயல்தேசமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கெஞ்சிக் கேட்டு வண்டியைக் கொண்டுவந்து, உன் ஜன்னலுக்கு வெளியே நிறுத்தி ஸ்டார்ட் செய்திருக்கலாம். நீ சத்தத்தையாவது கேட்டிருப்பாய். அந்த வண்டி வந்து நின்றால் டீக்கடையில் நான் சொன்னதும் கூடவே வந்து நிற்குமே என்று பயந்தேன். என் வெட்கம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. அதைவிடக் கேவலம் வேறு இல்லை.

உன்னை அடக்கம் செய்த நாற்பதாம் நாள் உன் வீட்டம்மா சொன்னார்: "வண்டிய உங்க வீட்டுல விடணும்னுதான் அவிய ஆசப்பட்டாவ அண்ணாச்சி. கை போயிட்டாலும் உங்க பின்னால உக்காந்து போலாம்லா." தலையைக் குனிந்துகொண்டு காப்பியைக் குடித்தேன். நீ என்னிடம் அதையே சொன்னாய் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னும் சொல்லவில்லை.

போன வருஷம் அந்த வாத்தியார் வண்டியை விற்கிறார் என்று தெரிந்து ஓடினேன். தொண்ணூற்று நாலாயிரம் என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் மீட்டரைப் பார்க்கவே இல்லை. "ஏன் சார் விக்கீங்க?" என்றுதான் கேட்டேன். "ரெட்டப் பிள்ளைங்க சார், கார் வாங்கணும்" என்று சிரித்தார். அப்பாடா என்று இருந்தது. இன்ஜின் மணி மாதிரி இருந்தது. சாவியோடு உன் நோட்டையும் கொடுத்தார். "இதப் பாத்துத்தான் சார் வாங்குனேன். நானும் விடாம எழுதிருக்கேன்."

வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தேன். பத்து வருஷம், ஒழுங்கு ஒழுங்காக. ஆயில், செயின், டயர். நீ எழுதிய கடைசிப் பக்கத்துக்கு வந்தேன்.

81,200. கிளட்ச் இறுக்கம். கேபிள் புதிது.

82,300. கிளட்ச் மறுபடி இறுக்கம். மறுபடி கேபிள்.

83,100. கிளட்ச் பிரித்துப் பார்த்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை. புது லீவர் போட்டேன்.

83,900. கிளட்ச்சில் கோளாறு இல்லை.

கிளட்ச் பிடிப்பது இடது கை. ஒரு கேபிள் பத்தாயிரம், இருபதாயிரம் உழைக்கும். ஆயிரத்துக்கு ஒரு கேபிள் மாற்றியிருக்கிறாய் என்றால் கோளாறு எங்கே என்று எனக்குப் புரிந்திருக்கும். உன் அளவுக்கு இல்லாவிட்டாலும் வண்டி தெரிந்தவன்தானே நான். மூவாயிரம் கிலோமீட்டராக நீ வண்டியைச் சந்தேகப்பட்டிருக்கிறாய், கடைசி வரியில்தான் உன் கையைக் கண்டுபிடித்திருக்கிறாய். டீக்கடையில் நீ என் பக்கம் நீட்டியது அந்தப் பக்கத்தைத்தான். வாயால் சொல்ல முடியாததை நான் வாசித்துக்கொள்வேன் என்று நினைத்திருப்பாய்.

ஆபீசில் புதிதாக வந்திருப்பவர் போன வாரம் கேட்டார், அறுபதாயிரம் ஓடிய வண்டி ஒன்று வருகிறது, எடுக்கலாமா என்று. ஓடினதை விடுங்கள், எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று பாருங்கள், அதற்கும் முன்னால் ஏன் விற்கிறார் என்று கேளுங்கள் என்றேன். இவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது இப்போது.

நீ போட்ட லீவரில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது, ஒன்றிலிருந்து ஆறு வரை. ஒன்றில் வைத்தால் லீவர் கைப்பிடிக்கு ஒட்டி வரும், பலமில்லாத விரலும் எட்டிப் பிடிக்கும். நீ ஒன்றில் வைத்தாய். வாத்தியாரும் மாற்றவில்லை. என் விரல் நீளத்துக்கு மூன்று வேண்டும். ஒன்றில் பிடித்தால் போக்குவரத்து நெரிசலில் விரல் நசுங்குகிறது. மாற்ற மனம் வரவில்லை. நசுங்கட்டும்.

இன்று வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீரில் கழுவினேன். இப்போது என் மனைவி சத்தம் போடுகிறாள். துடைத்து முடித்து, உன் கையெழுத்துக்குக் கீழே, வாத்தியார் எழுத்துக்குக் கீழே, என் கோழிக்கிறுக்கலில் எழுதி வைத்தேன்.

1,00,000. ஆயில் மாற்றம். கழுவியாயிற்று. பழையகாயல் தாண்டியது. பின் சீட் காலி.