வெள்ளைக்குள் வெள்ளை

தங்கச்சி, நேற்று கண்டியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது பவுடர் வாசனை வந்தது. திரும்பினால் உன் மகள். மார்பைப் படம் எடுக்கும் முன் பவுடரைத் துடைக்கச் சொன்னார்களாம். அதுகூடப் படத்தில் புள்ளியாக விழுமாம். உன்னையும் அப்படித்தான் துடைக்கச் சொன்னார்கள். பவுடர் விழுகிற படத்தில் உன் கட்டி விழவில்லை.

“படம் சுத்தம். ஆசியப் பெண்களுக்கு மார்புப் புற்றுநோய் குறைவு. மூன்று பிள்ளைக்குப் பாலும் கொடுத்திருக்கிறீர்கள்” என்று அன்றைக்கு இருந்த டாக்டர் உன்னை அனுப்பிவிட்டார். புசல்லாவை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தாய். அந்த வெள்ளிக்கிழமையே உன் மாமியார் மாரியம்மனுக்கு நேர்த்திப் பொங்கல் வைத்தார். சில மாதம் கழித்து, “அக்கா, கட்டி அப்படியேதான் இருக்கு” என்றாய். நான் உன் மாமியாரிடம் போய் நின்றேன்.

“நேர்த்திய முடிச்சாச்சு. திரும்பப் படம் எடுக்கப் போனா ஆத்தாள சந்தேகப்படுற மாதிரி ஆயிராதா?”

“படத்தப் பாத்தது ஆத்தாளா?” என்றேன். அதன் பிறகு அந்த வீட்டில் எனக்குத் தேத்தண்ணி கிடையாது. உனக்கு ஆஸ்பத்திரி கிடையாது. நீ மறுபடி போனபோது கக்கத்துக்கும் பரவியிருந்தது.

நீ கண்ணை மூடிய பிறகு, இந்த நோயைப் பற்றி இங்கிலீஷில் இருப்பதை அகராதியைப் பக்கத்தில் வைத்துத் தேடிப் படித்தேன். அடர்த்தியான மார்பு படத்தில் வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளை. மூடுபனியில் வெள்ளை ஆட்டைத் தேடுகிற கதை. ஆசியப் பெண்களில் பலருக்கு அடர்த்தி அதிகம். வெள்ளைக்காரிகளைவிட அவர்களுக்கு நோய் குறைவு என்பதும் மெய்தான். ஆனால் அடர்த்தியே ஆபத்தைக் கூட்டும் என்றும் எழுதியிருக்கிறது. ஒரு கண்டத்துக்கான கணக்கைச் சொல்லி ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பலாமா? அந்தக் கணக்கில் புசல்லாவையில் தேயிலைக் கொழுந்து பறிப்பவளை யார் சேர்த்தார்கள்?

நேற்றைய டாக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. “படத்தில ஒண்டும் இல்லை அம்மா. பயப்பிடாமப் போயிட்டு வாங்கோ.”

“கட்டி கையில தட்டுப்படுதே. இவளுக்கு அடர்த்தியா?”

“ஓம். எங்கட பொம்பிளையளுக்குப் பொதுவா அப்பிடித்தான்.”

“அப்ப ஸ்கேன் எடுங்க.”

“பெரியம்மா, வாங்க போவோம். எல்லாரும் பாக்குறாங்க” என்று உன் மகள் கையை இழுத்தாள்.

“பாக்கட்டும். இதே பேச்சக் கேட்டுட்டுத்தான் ஒங்கம்மா வீட்டுக்கு வந்தா.” கதிரையை விட்டு நான் எழும்பவில்லை. அந்தப் பிள்ளை ஸ்கேனுக்குத் துண்டு எழுதிக் கொடுத்தான்.

ஸ்கேனில் தெரிந்தது. சின்னதுதான். ஊசியால் சதை எடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. நல்லதாகவே இருக்கலாம். அதற்காக நான் யாரையும் மன்னிக்கப் போவதில்லை.

அன்றைக்குச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, என் விரலைப் பிடித்து உன் மார்பில் அழுத்தினாயே, கொட்டைப்பாக்குப் போல இருந்தது. நீ போய்விட்டாய்; அந்தக் கடினம் என் விரல் நுனியை விட்டுப் போகவில்லை. உன் மகளைத் தொட்டபோது, படத்துக்குத் தெரியாதது அந்த விரலுக்குத் தெரிந்தது.