வெள்ளிக்கிழமையில் ஒரு கருவாடு

வெள்ளி, இரவு

ஆம், எழுந்து நின்றுவிட்டாள். பின்னங்கால்கள் நடுங்கின, ஆனாலும் நின்றாள். பின்னங்காலில் அடிபட்டுப் படுத்திருந்த எங்கள் நாய் சூட்டிக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. வலி மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது என்பது மிருக வைத்தியரின் கண்டிப்பு. இன்று வீட்டில் மரக்கறிச் சமையல்; அவள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பின்னேரம் முழுவதும் வலியில் முனகினாள். வெள்ளியில் மச்ச வாசனையையே குசினிக்குள் விடாத அம்மா, முற்றத்தில் கல் கூட்டிக் கருவாடு சுட்டார்.

“அம்மா, இண்டைக்கு வெள்ளியெல்லோ?”

“விரதம் எனக்கடி, நாய்க்கில்லை. கெதியா மாத்திரையைத் தா.”

சோற்றோடு பிசைந்து ஊட்டினார். ஒரு பருக்கை மிஞ்சவில்லை. மெல்ல முனகல் அடங்கியது. பிறகு தானாக எழுந்து அம்மாவிடம் போனாள்.

“கிட்ட வராதை, உன்னாலை இனி நான் முழுகவேணும்” என்றபடியே தடவிக்கொடுத்தார்.

நாளைக்குச் சூட்டிக்கு எப்படியோ. கிணற்றடியில் அம்மாவுக்குத் தண்ணீர் அள்ளி ஊற்றினேன்.