பாதியில் நின்ற தோட்டா

இன்று காலை ரசம் சாதம் பிசைந்தபோது விரல்களில் துப்பாக்கி எண்ணெய் வாசம் அடித்தது. நேற்று மாலை முழுக்க ரைஃபிள் துடைத்த கை. சோப்பு, எலுமிச்சம்பழம் எதற்கும் மசியாத வாசம் அது. மகன் முகத்தைச் சுளித்துக்கொண்டு தட்டோடு ஹாலுக்குப் போய்விட்டான். எனக்கென்னவோ உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது போலிருந்தது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

திருச்சி போலீஸ் ஆயுதப்படையில் நாம் ஒரே பேட்ச். உனக்கு ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு, எனக்கு கே.கே. நகர். ஆய்வு வருகிறது என்றால் நாங்களெல்லாம் ரைஃபிளை எண்ணெயில் குளிப்பாட்டுவோம். பளபளவென்று இருந்தால் மேலதிகாரி இரண்டாவது முறை பார்க்கமாட்டார். நீ மட்டும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு, போட்ட எண்ணெயையும் துடைத்துக்கொண்டிருப்பாய். "இதென்ன அப்பளமாடி, எண்ணெய்ல பொரிச்சு எடுக்க?" என்பாய். ஒரு குண்டு வெடித்ததும் காலிக் கூட்டை வெளியே தள்ளிவிட்டு அடுத்த தோட்டாவைத் தானே இழுத்துக்கொள்ளும் துப்பாக்கி. உள்ளே எண்ணெயும் மண்ணும் சேர்ந்து பசையாகிவிட்டால் அடுத்த தோட்டா பாதி வழியில் நின்றுவிடும் என்று எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாய். உன் வீட்டுக்காரர் காதைக்கூட நீ இப்படிச் சுத்தம் செய்திருக்கமாட்டாய் என்று நான் கிண்டலடிப்பேன்.

துப்பாக்கி மேல் உனக்கு ஆசையொன்றும் கிடையாது. நீ வெளியே போகத் துடித்துக்கொண்டிருந்தாய். தபாலில் பி.எட். படித்து, தேர்வெழுதித் தேறி, கலந்தாய்வுக்கும் அழைப்பு வந்துவிட்டது. மணப்பாறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் இடம் காலியாக இருந்தது. எந்த பஸ்ஸில் போய் வருவது என்பது வரை முடிவு செய்துவிட்டாய். ஆனால் கலந்தாய்வு நாளும் வருடாந்திரச் சுடும் பயிற்சி நாளும் ஒன்றாக வந்து தொலைத்தன. இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். முதல் வரிசையிலேயே சுட்டுவிட்டுக் கிளம்பு, மதியத்துக்குள் திருச்சி போய்விடலாம் என்றார். மெரூன் கலர் புடவையை ஒரு பையில் வைத்து வேனில் மாட்டிவிட்டு வந்து, சுடும் வரிசையில் குப்புறப் படுத்தாய். உனக்கு வலப்பக்கத்தில் நான்.

சுடுதளத்தில் அவரவர் துப்பாக்கி கிடையாதே. கொண்டுவந்த நாலைந்தை மாற்றி மாற்றிச் சுட வேண்டும். உன் கைக்கு வந்தது முந்தின வார ஆய்வுக்காக எண்ணெயில் ஊறியது. இரண்டாவது குண்டோடு நின்றது. பக்கவாட்டுக் கைப்பிடியை இழுத்தால் பின்னால் வரவில்லை, தள்ளினால் முன்னால் போகவில்லை. உள்ளே ஒரு தோட்டா பாதியில். நீ முறைப்படி இடது கையைத் தூக்கினாய். விசில் ஊதினார்கள். அது சரியாகும் வரை வரிசையில் ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது.

சரிசெய்ய வேண்டிய ஆர்மரர் இன்னொரு தோட்டாப் பெட்டி எடுத்துவரப் போயிருந்தார். பின்னாலிருந்து ஏட்டையா ஒருவர், "பூட்ஸால கைப்பிடிய ஒரு ஒதை விடும்மா, கெளம்பிடும். நாங்கல்லாம் அப்படித்தான் பண்றோம்" என்று சொன்னார். இன்ஸ்பெக்டர் காதில் விழாதது போல வேறு பக்கம் பார்த்தார். உனக்காகத்தான் அப்படிப் பார்த்தார். நீ ஒருமுறை என் பக்கம் திரும்பினாய். பிறகு முன்னால் பார்த்துக்கொண்டு, "அசையாம படு" என்றாய்.

மணல் கொதித்தது. சட்டைக்குள் எறும்பு ஊர்ந்தது. தலையைத் திருப்பினால் வேனும் ஜன்னலில் தொங்கிய உன் பையும் தெரிந்தன. வெயில் தலைக்கு மேலே வந்தது. தூக்கிய கையை நீ இறக்கவில்லை. எனக்கு உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு உதை, ஒரே ஒரு உதை, அதற்குக்கூட உனக்குத் தைரியம் இல்லையா என்று பல்லைக் கடித்தேன்.

ஆர்மரர் வந்து பக்குவமாக எடுத்த தோட்டாவின் அடியில் லேசாக ஒரு குழி விழுந்திருந்தது. இன்னொரு அதிர்வு பட்டிருந்தால் உள்ளே போகாமலே வெடித்திருக்கும், சிதறல் பக்கவாட்டில் அடித்திருக்கும் என்றார். நீ அதைக் கேட்க நிற்கவில்லை. வேனுக்குள்ளேயே புடவை மாற்றிக்கொண்டு ஓடினாய். சாயங்காலம் அதே புடவையில் என் வீட்டுக்கு வந்து காபி கேட்டாய். உன் பெயரைக் கூப்பிட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்களாம்.

இவ்வளவு விதி பார்த்து என்னத்தைக் கண்டாய் என்று உன்னைத் திட்டினேன். "ஜாம் ஆனதோட மல்லுக்கட்டக் கூடாதுடி" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாய். நானும் அதை நம்பினேன். மறுமுறை ஆள் எடுத்தபோது உனக்கு வயது தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு வைகுண்ட ஏகாதசிக் கூட்டம், மந்திரி வருகை, கருவூலக் காவல் என்று வருடங்கள் போயின. சென்ட்ரி கூண்டுக்குள் நீ நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளூர எரிச்சல்தான் வரும். தன் கையால் கதவைச் சாத்திக்கொண்டவள் என்று நினைத்துக்கொள்வேன்.

உன் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் முடிந்து நீ கண்ணை மூடிக் கிடந்த ஒரு மத்தியானம், எனக்கு ஏன் அந்த ஞாபகம் வந்ததோ தெரியவில்லை. பக்கத்தில் நான் படுத்திருக்காவிட்டால் அன்றைக்கு என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். நீ யோசிக்கக்கூட இல்லை.

"ஒதைச்சுட்டு ஓடியிருப்பேன்டி."

ஆறுதலுக்காவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். உனக்கு அது வராது. அடுத்த வாரம் நீ போய்விட்டாய், நன்றி என்ற சொல்லை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

விருப்ப ஓய்வு வாங்கிக்கொள், போதும் என்று மகன் நச்சரிக்கிறான். முட்டி தேய்ந்துவிட்டது, வாங்கத்தான் வேண்டும். ஆனால் ஆயுதப்படை வாசல்வரை போனால் அங்கே நீ இடது கையைத் தூக்கியபடி படுத்திருக்கிறாய். உன்னைத் தாண்டிக்கொண்டு நான் எப்படி வெளியே போவேன்?