குவளையின் அடிப்பக்கம்

மார்ச் 3

என் பிரியமுள்ள பாப்பாவுக்கு,

அம்மா போய் இரண்டு மாதமாகிறது. இரண்டு நாளுக்கு மேல் அங்கே தங்க முடியாமல் போனதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ஒரு விஷயம். அப்பா ஏலக் கடையில் குமாஸ்தாவாக இருந்தபோது, கேட்பாரில்லாமல் கிடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கிவந்தாரே, அந்தப் பதினான்கு இங்கிலாந்து வெள்ளிச் சாமான்கள். எங்கள் பழம்வெள்ளிச் சங்கம் ஜூனில் கண்காட்சி வைக்கிறது. 'என் தந்தையின் சேகரிப்பு' என்று அவற்றை வைக்க ஆசை. ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடிப்பக்கம் பார். அரிசி அளவில் வரிசையாக நான்கு முத்திரைகள் இருக்கும்: தரத்துக்கு ஒரு நடக்கும் சிங்கம், சோதித்த ஊரின் அடையாளம், வருஷத்துக்கு ஓர் எழுத்து, செய்தவர் பெயருக்கு இரண்டெழுத்து. மங்கலாக இருந்தால் வாயால் ஊது, தெளியும். முத்திரை இல்லாததைச் சங்கத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இருப்பதை வரைந்து அனுப்பு.

அதில் உனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொள். இது அண்ணன் கொடுக்கும் வாக்கு.

உன் அண்ணன்

மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாப்பிடுகிறேன். ஒருத்திக்கு என்ன சமையல், வைத்ததையே இரண்டு வேளைக்கு வைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் சொன்னபடி மூச்சு வாங்க ஊதிப் பார்த்தேன். கண்ணாடி அலமாரியில் இருக்கும் பதின்மூன்றிலும் ஒன்றுமே இல்லை, வழவழ என்றிருக்கிறது. இருக்காதா பின்னே? 'வெள்ளி கறுக்கக் கூடாது, சனிக்கிழமை தவறாமல் தேய்' என்று சொல்லிவிட்டுப் போனவர் நீங்கள். இருபத்திரண்டு வருஷம் தேய்த்திருக்கிறேன். அடிப்பக்கத்தை விட்டிருப்பேன்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் அண்ணி வந்து தட்டைத் திருப்பிப் பார்த்து, "இங்க பாரு, அடியெல்லாம் கருப்பு. மேலாக்கா தேய்ச்சா ஆச்சா?" என்று கேட்டார்கள். அதிலிருந்து அடியையும் விடவில்லை.

அம்மாவின் குவளையில் மட்டும் நான்கும் பளிச்சென்று இருக்கின்றன. அம்மா படுக்கையில் கிடந்த பதினோரு வருஷமும் கட்டிலோரத்திலேயே இருந்ததால் அதைக் கழுவியதோடு சரி. வரைந்திருக்கிறேன். எனக்கு அந்தக் குவளை போதும் அண்ணா. கடைசி வருஷம் அம்மா என்னை நர்ஸ் என்றுதான் நினைத்தாள். "சிஸ்டர், என் பையன் வந்துட்டானா?" என்று கேட்பாள். ஆனாலும் அந்தக் குவளையைக் கொண்டுபோனால் மட்டும் வாயைத் திறப்பாள். வேறு யார் எதில் கொடுத்தாலும் துப்பிவிடுவாள்.

பாப்பா

ஏப்ரல் 2

பாப்பாவுக்கு,

தலையில் அடித்துக்கொள்ளாத குறை! அடியைக்கூட விடாமல் தேய்த்து, அப்பாவின் சொத்தையே அழித்துவிட்டாயே. விவரம் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா?

சரி, போனது போகட்டும். நீ வரைந்ததைப் பார்த்து ராத்திரி தூக்கமே இல்லை. அந்த இரண்டெழுத்துக்காரர் தனியாகத் தொழில் செய்தது நான்கே வருஷம். அவர் கைவேலை எங்கள் சங்கத்தில் ஒருவரிடம்கூட இல்லை. தலைவருக்குப் போன் போட்டுச் சொல்லியும்விட்டேன். அதனால் குவளை எனக்கு வேண்டும். பதின்மூன்றையும் நீ வைத்துக்கொள், ஒன்றே ஒன்று எனக்கு. இதில் யாருக்கு லாபம், நீயே சொல். உனக்குத் தண்ணீர் குடிக்க வேறு பாத்திரமா இல்லை?

பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை என் நண்பர் வருவார், கொடுத்தனுப்பு. தயவுசெய்து அதைத் தேய்த்துத் தொலைக்காதே.

அண்ணன்

ஏப்ரல் 18

அண்ணாவுக்கு,

நண்பர் வந்தார். காபி குடித்தார், வெறுங்கையோடு போனார். அவரைக் கோபிக்காதீர்கள், நல்ல மனுஷன்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அம்மா என்ற வார்த்தையை அதில் தேடினேன் அண்ணா. சிங்கம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, தலைவர் இருக்கிறார். அம்மா இல்லை. அப்புறம் கடைக்குப் போய் உப்புத்தாள் வாங்கிவந்தேன்.

காலையில் உட்கார்ந்தது, மத்தியானம் ஆகிவிட்டது. முதலில் வருஷத்து எழுத்து போனது, அப்புறம் ஊர். சிங்கம் லேசில் விடவில்லை. அந்த இரண்டெழுத்தைத் தேய்க்கும்போது அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். முகம் தெரியாத யாரோ ஒரு மனுஷன் கைபட அடித்தது. அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. செய்தது பாவம்தான், அதை நானே சுமந்துகொள்கிறேன். ஆனால் கைதவறிப் போய்விட்டது என்று உங்களிடம் மழுப்ப மாட்டேன். தெரிந்துதான் செய்தேன்.

இப்போது அது அம்மா தண்ணீர் குடித்த குவளை, அவ்வளவுதான். வேறு எந்தப் பெருமையும் அதில் மிச்சமில்லை. அம்மா குடித்தது என்பதற்காகவே அது உங்களுக்கு வேண்டுமென்றால் வாருங்கள். ஒரு வார்த்தை பேசாமல் என் கையாலேயே எடுத்துத் தருகிறேன்.

வர மாட்டீர்கள். நேற்று ராத்திரியிலிருந்து நான்தான் அதில் தண்ணீர் குடிக்கிறேன்.

தங்கை