சுவருக்குப் பின்னால் ஊற்று

ரத்தோட்டை,
வெள்ளி பின்நேரம்.

அன்பின் உமாசுதன்,

அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் சுகம். அங்கே வித்தியாவும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். நேற்று உனக்கு இரண்டு தரம் கோல் எடுத்தேன். உன் குரலைக் கேட்டதும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். வாயால் வராததை எழுதி வட்சப்பில் அனுப்புகிறேன்.

உன் அப்பா வீட்டை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். போன கிழமை மழைக்கு மேலே தேயிலை மலையில் ஒரு துண்டு சரிந்தது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, எல்லோரும் வீட்டை விட்டு எழும்ப வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். பக்கத்து வீட்டு மாடசாமி குடும்பமும் பாடசாலை முகாமுக்குப் போய்விட்டது. இந்த ரோட்டில் இப்போது உன் அப்பா ஒருவர்தான்.

பின் சுவரில் என் விரல் போகிற அளவுக்கு வெடிப்பு. குசினிக் கதவு மூடுவதில்லை. அவருக்குக் காட்டினேன். "பூச்சு வெடிச்சிருக்கு, அவ்வளவுதான். முனாஸ் கட்டின வீடு விழுமோ?" என்று என்னிடமே கேட்கிறார். தம்புள்ளை ஹோட்டல், டவுனில் நாலு மாடிக் கடை என்று நான் கட்டியதை எல்லாம் எனக்கே சொல்லிக் காட்டுகிறார்.

உமா, உனக்கும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அத்திவாரம் வெட்டும்போது சரிவில் ஊற்று வந்தது. எங்கள் மேசன் அன்ஸாப், இந்த இடம் வேணாம் என்றார். உனக்கு விசா கிடைத்திருந்தது, அப்பாவைக் குடிவைத்துவிட்டுப் போக அவசரப்பட்டாய். எனக்கும் முதன்முதலாகக் கட்டக் கிடைத்த மாடி வீடு அது, கைவிட மனமில்லை. குழாய் போட்டுத் தண்ணீரைத் திருப்பி, அணைசுவர் கட்டி மூடினேன். அந்த வீட்டின் படத்தைக் காட்டித்தான் பிறகு வேலை எல்லாம் பிடித்தேன். இன்று என்னிடம் அறுபது பேர் வேலை செய்கிறார்கள். எட்டு வருடம் ஒன்றும் நடக்காததால் நானே மறந்திருந்தேன். இப்போது அந்த அணைசுவரின் அடியால் கலங்கல் தண்ணீர் வருகிறது.

முந்தாநாள் இதை அவரிடம் அப்படியே சொன்னேன். கையைப் பிடித்து, "அங்கிள், நான் செஞ்சது பிழை, வாங்க போவோம்" என்றேன். சிரித்தார். "என்னை எழுப்பிறதுக்காக உன்ர பேரையே கெடுக்கிறியே, தம்பி" என்று சொல்லிவிட்டு எனக்குப் பிளேன்டீ ஊற்றப் போய்விட்டார்.

நேற்று லொறியும் ஆட்களுமாகப் போனேன். கேட்டைப் பூட்டிக்கொண்டார். அந்த வயது மனிதரைத் தூக்கிக்கொண்டு வரவா? இத்தனை கட்டடம் கட்டினேன், அதில் ஒன்றிலிருந்து ஒருவரை வெளியே கூட்டி வர எனக்கு வழி தெரியவில்லை.

இதைப் பார்த்ததும் அப்பாவுக்குக் கோல் எடு. என்னைப் பற்றி நல்லதாக ஒரு சொல்லும் சொல்லாதே. முனாஸ் நம்மை ஏமாற்றிவிட்டான், அவன் கட்டிய எதையும் நம்ப வேண்டாம் என்று சொல். நீ சொன்னால் நம்புவார். அதற்குப் பிறகு நீ என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை.

நான் கேட்டுக்கு வெளியே வாகனத்தில்தான் இருக்கிறேன். ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் மறுபடி மழை இருட்டிவிட்டது. ஆண்டவன் உன் அப்பாவைக் காக்கட்டும். சுணங்காமல் எடுடா.

உன்,
முனாஸ்