வெள்ளைச் சட்டையில் உங்கள் கொடி

மாமா,

இன்றைக்கு எங்கள் கட்சிக் கூட்டம். பீரோவைத் திறந்தால் அந்த வெள்ளைச் சட்டைதான் முதலில் கைக்கு வந்தது. தோளில் உங்கள் கொடியின் சாயம் அப்படியே இருக்கிறது. என் மனைவி என்னென்னவோ சோப்பு போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டாள். உங்கள் பிடிவாதம் அது, எங்கே போகும்!

என் அக்காவை நீங்கள் கட்டிக்கொண்ட காலத்திலேயே நாம் வேறு வேறு கட்சி. பஸ் நிறுத்தத்தில் உங்கள் அப்பா நட்ட கொடிக்கம்பத்துக்குப் பக்கத்திலேயே, அதைவிட ஒரு முழம் உயரமாக நான் ஒன்று நட்டேன். நீங்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கம்பம் ஒசரமாத்தான் கீது மச்சான், ஓட்டு எங்க கீது?" என்றீர்கள். டீக்கடையே சிரித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "உங்க கொடி ஒரு மழைக்குத் தாங்காது மாமா, சாயம் பூடும்!" என்று கத்திவிட்டு வந்தேன்.

தேர்தல் வந்துவிட்டால் நமக்குள் பேச்சே கிடையாது. ஆனால் உங்கள் நெல்லுக்கு ஏரித் தண்ணீர் பாய்ந்ததும், மடையை என் வயல் பக்கம் திருப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவீர்கள். ஓட்டு எண்ணுகிற அன்றைக்குக்கூட அது தவறியதில்லை. பேசாத மனுஷன் செய்கிற வேலையா அது?

படுக்கையில் விழுந்த பிறகு அக்காவிடம் நீங்கள் கேட்டது ஒன்றுதான். "எம்மேல கொடி போத்தித்தான் தூக்கணும்."

நீங்கள் கண்மூடிய அன்றைக்குத் திருவள்ளூரிலிருந்து கொடியோடு கிளம்பிய உங்கள் ஆட்கள், கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, மழை வேறு. எடுத்துவிடலாம் என்றார்கள் பெரியவர்கள். அக்கா கட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "கொடி இல்லாம தூக்க உட மாட்டேன்டா. இன்னா பண்ணுவியோ பண்ணு!"

ஊரில் இருந்தது கம்பத்துக் கொடி மட்டும்தான். பறக்கிற கொடியை இறக்கினால் நீங்கள் எழுந்துவந்து திட்டுவீர்களோ என்று உங்கள் கட்சிப் பிள்ளைகளே தயங்கினார்கள். நான் போனேன். அதுவரை அந்தக் கம்பத்தில் என் கை பட்டதில்லை. கயிற்றை அவிழ்த்து இறக்கினேன். நனைந்த கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தேன். நான் சொன்னது சரிதான் மாமா, சாயம் போயிற்று. எல்லாம் என் சட்டையில்தான். உங்கள் மார்மேல் விரித்து ஓரங்களைச் சரிசெய்த பிறகுதான் அக்கா கட்டிலிலிருந்து கையை எடுத்தாள்.

மறுநாளே எங்கள் கட்சியிலிருந்து போன். "இன்னாபா, அவங்க கொடிய நீ தூக்கினு போனியாமே?"

"ஆமா. எங்க மாமா கொடி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

உங்கள் மகன் கம்பெனி ஷிப்டுக்குப் போகிறான். உங்கள் வயலுக்கு இப்போது நான்தான் மடை திருப்புகிறேன். முதலில் உங்களுக்கு, பிறகுதான் எனக்கு.

தோளில் துண்டைப் போட்டு மறைத்துக்கொள்ளச் சொல்கிறாள் என் மனைவி. மறைக்க மாட்டேன். இந்தச் சட்டையோடுதான் கூட்டத்துக்குப் போகிறேன். எவனாவது கேட்கட்டும்.