பிரித்துக் கொடுத்த கொப்பிகள்

ஒக். 14, செவ்வாய்

நூலகப் பூட்டில் சிலந்தி வலை. காலையில் பள்ளிக்கூடக் குசினிக்கு வெங்காயம் உரிக்கப் போகும்போது கண்டது. நாலு நாளாகத் தீவுக்குப் படகு இல்லை. கடல் வெள்ளையாகப் பொங்குகிறது. பூட்டின் திறப்பு, நூலகத்துக்குப் பொறுப்பான ரீச்சரின் கைப்பையில். கைப்பை யாழ்ப்பாணத்தில்.

வெள்ளிக்கிழமை வாசிப்பு மாத நிகழ்ச்சி. கல்விக் கந்தோரிலிருந்து ஒரு மிஸ் புள்ளி போட வருவா. தரம் 9, 10 பிள்ளைகள் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு கதை வாசித்து மேடையில் பேச வேண்டும். புத்தகம் கொடுக்க வைத்திருந்த நாள் போன வெள்ளி. அன்றுதான் படகு நின்றது.

சோற்றுக்கு வரிசையில் நின்ற தர்சிகா (தரம் 9, வாய்க்காரி):

"யன்னலாலை அட்டையைப் பாத்துத்தான் கதை சொல்ல வேணும்போலை."

அதிபர் சேர்: "பூட்டை உடைச்சா பதிவேட்டுக்கு ஆர் பதில் சொல்லுறது? நாளைக்கு ஒரு வழி கிடைக்கேல்லையெண்டா, இந்த முறை நாங்கள் இல்லையெண்டு கந்தோருக்குச் சொல்லிப்போடுவன்."

பிள்ளைகளின் முகம் செத்துப்போனது.

வீட்டில் என் பெட்டிக்குள்: தடித்த சீ.ஆர். கொப்பி மூன்று. எல்லாம் கதை. அம்மாவின் இடுப்பு நோவால் தரம் 10 இல் படிப்பை நிறுத்தி அவவோடு பள்ளிக்கூடக் குசினியில் சமைக்க வந்த நாளிலிருந்து, ரீச்சர் தன் பெயரில் பதிந்து எனக்குப் புத்தகம் தருகிறா. வெள்ளி எடுத்தால் திங்கள் கொடுக்க வேண்டும். வாசித்துக்கொண்டே கொப்பியில் பார்த்தெழுதி வைப்பேன். எண்ணினேன். பதினாலு கதை.

கொடுத்தால் எல்லோருக்கும் தெரியும். படிப்பை விட்டவளுக்குப் புத்தகம் கொடுக்க விதியில்லை, ரீச்சர் மாட்டுப்படுவா. பிறகு சிரிப்பார்கள். படித்த காலத்தில் வகுப்பில் நான் வாசித்தால், காதுக்குள் இரைகிற மெல்லிய குரலென்று "நுளம்பு, நுளம்பு" என்பார்கள்.

நித்திரை வரவில்லை.

ஒக். 15, புதன்

காற்றுக் குறையவில்லை. தேங்காய் 6, பருப்பு, பூசணி.

ரீச்சருக்குப் போன் எடுத்தேன். கொப்பிகளைக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "குடும் பிள்ளை. வாறதை நான் பாத்துக்கொள்ளுறன்."

மரக்கறி வெட்டும் கத்தியால் கொப்பிகளின் கம்பியைக் கழற்றினேன். கதை கதையாகப் பிரித்து நூல் கட்டினேன். அம்மா பார்த்துக்கொண்டு நின்றா. "கறிவேப்பிலை ஒட்டியிருக்கு, தட்டிப்போட்டுக் குடு." அவ்வளவுதான்.

அதிபர் சேரின் மேசையில் வைத்துவிட்டுத் திரும்ப நினைத்தேன். அவர் விடவில்லை.

"இது ஆற்றை எழுத்து?"

"என்ரை, சேர்."

"புத்தகம் எங்காலை?"

சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதைப் பிறகு கதைப்பம்," என்று மணியடிக்கச் சொன்னார். பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள்.

ஒரு பிழை. தபால்காரன் கதையின் கடைசி இரண்டு பக்கமும் என்னுடையது. எழுதி முடிக்குமுன் திங்கள் வந்து, புத்தகம் திரும்பிப் போய்விட்டது. முடிவு என்னவென்று கேட்க வெட்கம். நானே முடித்து வைத்தேன். அதை ஒதுக்கி வைக்கத்தான் இருந்தேன். தர்சிகா இழுத்தெடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஒக். 16, வியாழன்

வேப்பமரத்தடி, சைக்கிள் பந்தல், தண்ணீர்த் தாங்கி, எங்கு பார்த்தாலும் என் எழுத்து. ஒரு பெடியன் மற்றவனிடம்: "அக்கான்ரை 'ழ' வாலாட்டுதடா." ஆனால் வாசித்தான்.

தர்சிகாவிடம் இரண்டு தரம் சொல்லப் போனேன். இரண்டு தரமும் "மேலதிகமா அப்பளம் வேணுமா" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

பின்னேரம் காற்று விழுந்தது. நாளைக்குப் படகு ஓடுமாம்.

ஒக். 17, வெள்ளி

ரீச்சர் வந்துவிட்டா. கந்தோர் மிஸ்ஸும். மண்டபத்துக்குத் தேத்தண்ணி கொண்டுபோனது நான். போன நேரம் மேடையில் தர்சிகா. பனிக்குள் பதினொரு வருடம் ஒரே கடிதத்தைக் கொண்டு திரிந்த தபால்காரன் கடைசியில் யாருமில்லாத வீட்டுக்குள் இருந்து தானே பதில் எழுதுகிறான். கையைக் காட்டி, கண்ணை உருட்டி, என்ன மாதிரிச் சொன்னாள்.

மிஸ்: "அவன் பனியிலை செத்துப்போறான் எல்லோ?"

"சாகேல்லை மிஸ்."

"பிள்ளை, நான் அந்தப் புத்தகம் வாசிச்சனான். முழுசா வாசிக்காமல் இட்டுக்கட்டிச் சொன்னா புள்ளி போட ஏலாது."

"சாகேல்லை மிஸ். நானும் வாசிச்சனான்." தர்சிகா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை.

தேத்தண்ணித் தட்டை யாருடைய கதிரையிலோ வைத்துவிட்டேன்.

"அவள் வாசிச்சவள், மிஸ். முடிவு நான் எழுதினனான்."

மண்டபம் முழுக்கத் திரும்பியது.

"நீர் எந்த வகுப்பு?"

"படிக்கேல்லை. சமைக்கிறன்."

சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. தாள்களை வாங்கிக் கடைசி இரண்டு பக்கத்தையும் வாசித்தா. திரும்ப வாசித்தா. தேத்தண்ணி ஆறியது.

"அவன் செத்தது எனக்குச் சின்ன வயசிலையிருந்து கவலை," என்றா. "நீரே வந்து வாசியும்."

மேடைக்கு மூன்று படி. ஒலிவாங்கி எனக்கு உயரம்; தர்சிகா தாழ்த்திப் பிடித்தாள். முதல் வரி முன்வரிசைக்கே கேட்கவில்லை. இரண்டாவது வரி பின்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. என் குரல்தான். நிறுத்தவில்லை. முடித்தபோது அம்மா குசினி வாசலில் அகப்பையோடு.

தர்சிகாவுக்கு முதலிடம்!! வலயப் போட்டிக்குப் போகிறாள், என் முடிவோடு. அதிபர் சேர் ரீச்சரிடம்: "புத்தகம் வெளியாலை விட்டது பிழை. ஆனா இனியும் விடும். பேரைச் சரியாப் பதிஞ்சு விடும்."

பருப்பு அடிப்பிடித்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

ஒக். 21, செவ்வாய்

தீபாவளி லீவு முடிந்தது. வெயில். பூசணி முடிந்தது, கத்தரி.

இடைவேளையில் ரீச்சர் நூலக அங்கத்தவர் படிவம் தந்தா. பெயர் எழுதினேன். விலாசம் எழுதினேன். அடுத்தது "தரம்".

"இதுக்கு என்ன எழுதுறது, ரீச்சர்?"

"உமக்கு எது சரியோ அதை எழுதும்."

'குசினி' என்று எழுதி, கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.